யூரியா போட்ட கீரைதாம்மா

போன ஞாயிற்றுக்கிழமை காலையில தென்னூர் உழவர் சந்தையில நடந்தது. ஆறரை மணி இருக்கும். சிறுகீரை, அரைக்கீரை, நாலஞ்சு சீப்பு பூவன், கொஞ்சம் கொத்தவரங்காய். இதுதான் அன்னைக்கு என் கடை. ஒரு அம்மா கீரைக்கட்டை எடுத்து முகர்ந்து பார்த்துட்டு, "அண்ணே, இது யூரியா போடாத கீரைதானே?"ன்னு கேட்டாங்க.

"இல்லம்மா, யூரியா போட்ட கீரைதான். பத்தாம் நாள் ஒரே ஒரு தடவை, கொஞ்சமா" என்றேன்.

பாம்பைத் தொட்ட மாதிரி கட்டைக் கீழே வச்சிட்டாங்க. பக்கத்துக் கடைக்காரர் உடனே, "இங்க வாங்கம்மா, நம்மளுது இயற்கை"ன்னு கூப்பிட்டு ரெண்டு கட்டு வித்துட்டார். அவங்க போன பிறகு என்னைப் பார்த்து, "உனக்கு வியாபாரமே தெரியலய்யா" என்றார். அவரும் நானும் ஒரே கடையில, ஒரே வாரத்துல யூரியா வாங்கினவங்க. அவர் மேல எனக்குக் கோபம் இல்லை. அந்த அம்மா மேலயும் இல்லை. ஆனா குழுமணிப் பக்கம் வண்டியை ஓட்டிக்கிட்டு வீடு திரும்புற வரைக்கும் அதே நினைப்பாவே இருந்தது. உண்மையைச் சொன்னவன் கட்டு விக்கலை, மறைச்சவர் கட்டு வித்துச்சு. இப்படியே போனா சந்தையில யார் உண்மை பேசுவாங்க? அதனாலதான் இந்தப் பதிவு.

நான் யூரியாவுக்கு வக்கீல் இல்லை. அதைப் போட்டுக் கெட்டவன். அந்தக் கதையையும் சொல்றேன். ஆனா யூரியான்னா என்னன்னு தெரியாம பயப்படுறதும், தெரியாம மூட்டை மூட்டையா கொட்டுறதும் ஒரே தப்புதான்னு எனக்குத் தோணுது. முதல் தப்பு டவுன்ல நடக்குது, ரெண்டாவது எங்க ஊர்ல நடக்குது.

முதல்ல ஒண்ணு. யூரியா உங்க உடம்புக்குள்ளயே இருக்கு. பருப்பு, முட்டை, கறி எதைச் சாப்பிட்டாலும் அதுல இருக்கிற புரதம் உடைஞ்சு அம்மோனியா வருது. அம்மோனியா உடம்புக்கு விஷம். அதனால கல்லீரல் அதை யூரியாவா மாத்துது, கிட்னி அதைச் சிறுநீர்ல வெளியே தள்ளுது. லேப்ல ரத்தம் கொடுத்தா 'பிளட் யூரியா'ன்னு ஒரு எண் போட்டுத் தர்றாங்களே, அது இதேதான். கிட்னி சரியில்லைன்னா அந்த எண் ஏறும். வேதியியல் கணக்குல பார்த்தா, உங்க சிறுநீர்ல இருக்கிற யூரியாவும் தூத்துக்குடியிலயோ மணலியிலயோ தயாராகி மூட்டையில வர்ற யூரியாவும் ஒண்ணேதான், ஒரு அணு கூட வித்தியாசம் கிடையாது. 1828-ல வோலர்னு ஒரு ஜெர்மன்காரர் கிட்னி இல்லாமலே, ஆய்வுக்கூடத்துல யூரியாவைச் செஞ்சு காட்டினார். உயிர் உள்ளது மட்டும்தான் இந்த மாதிரிப் பொருளை உண்டாக்க முடியும்னு அதுவரைக்கும் நம்பிக்கிட்டு இருந்தவங்களுக்கு அது பெரிய அடி.

அப்ப எதுக்கு ஃபேக்டரி? இங்கதான் நைட்ரஜன் கதை வருது. நாங்க அதைத் தழைச்சத்துன்னு சொல்வோம். நாம மூச்சு விடுற காத்துல 78 சதவீதம் நைட்ரஜன்தான். என் வயலுக்கு மேல நிக்கிற காத்துல இருக்கிற நைட்ரஜனை மூட்டை கட்டினா என் பேரன் காலம் வரைக்கும் வரும். ஆனா நெல்லால அதை எடுக்க முடியாது. ரெண்டு நைட்ரஜன் அணு மூணு கயிறு போட்டுக் கட்டின மாதிரி ஒண்ணையொண்ணு பிடிச்சிருக்கு. அந்தக் கட்டை அவிழ்க்கிற வேலையை மின்னல் கொஞ்சம் செய்யுது. மிச்சத்தைச் சில நுண்ணுயிர்கள் செய்யுது. சம்பா அறுப்புக்கு முன்னாடி ஈரத்துல உளுந்து தெளிக்கிறோமே, அந்த உளுந்துச் செடியைப் பிடுங்கி வேரைப் பாருங்க. சின்னச் சின்ன முடிச்சு இருக்கும். நகத்தால கிள்ளினா உள்ள இளஞ்சிவப்பா இருக்கணும். அப்படி இருந்தா ரைசோபியம் வேலை செய்யுதுன்னு அர்த்தம். உள்ள சாம்பல் நிறமா இருந்தா சோம்பேறி முடிச்சு. அந்தச் சிவப்பு நம்ம ரத்தத்துச் சிவப்புக்குச் சொந்தக்காரப் பொருளால வர்றதுன்னு ஒரு பயிற்சியில சொன்னாங்க. அன்னைலேர்ந்து உளுந்தைப் பிடுங்குறப்ப ஒரு மாதிரியாத்தான் இருக்கு.

மனுஷன் அந்தக் கட்டை அவிழ்க்கக் கத்துக்கிட்டது 1909-ல. ஃபிரிட்ஸ் ஹேபர்ங்கிற ஜெர்மன்காரர் காத்துலேர்ந்து அம்மோனியா பண்ணிக் காட்டினார். கார்ல் போஷ் அதை ஃபேக்டரி அளவுக்குக் கொண்டுபோனார். 1913-ல உற்பத்தி ஆரம்பிச்சது. இன்னைக்கு உலகத்துல ஏறக்குறைய பாதிப் பேர் தட்டுல சோறு விழறது இந்த முறையாலதான்னு கணக்குப் போடுறவங்க சொல்றாங்க. அதே ஹேபர்தான் முதல் உலகப் போர்ல குளோரின் விஷவாயுவை விடுறதுக்கு முன்னின்னு நடத்தினவர். 1918-க்கான நோபல் பரிசும் அவருக்கே. நைட்ரஜன் சமாசாரமே அப்படித்தான். அம்மோனியம் நைட்ரேட் வயலுக்கு உரம், கல்குவாரிக்கு வெடி, 2020 ஆகஸ்ட் 4-ஆம் தேதி பெய்ரூட் துறைமுகத்தையே தூக்கி எறிஞ்ச 2,750 டன் எமன். நைட்ரோகிளிசரின் டைனமைட்டுக்குள்ளயும் இருக்கு, நெஞ்சு வலிக்குக் கொடுக்கிற மருந்தாவும் இருக்கு. எங்க தெருவுல ஒரு பெரியவர் சட்டைப் பையில எப்பவும் நாக்குக்கு அடியில வைக்கிற சார்பிட்ரேட் மாத்திரை வச்சிருப்பார். அதுவும் அந்தக் குடும்பம்தான். டைனமைட் கண்டுபிடிச்ச ஆல்ஃபிரட் நோபலுக்கே கடைசிக் காலத்துல இதய வலிக்கு டாக்டர்கள் நைட்ரோகிளிசரின் எழுதிக் கொடுத்தாங்களாம். அந்த மருந்து உடம்புல நைட்ரிக் ஆக்ஸைடுங்கிற வாயுவா மாறி ரத்தக்குழாயை விரிக்குது. உடம்புல அந்த வாயு செய்யிற வேலையைக் கண்டுபிடிச்சதுக்கு 1998-ல மூணு பேருக்கு நோபல் பரிசு கொடுத்தாங்க. மாட்டு டாக்டர் சினை ஊசி போட வர்றப்ப ஒரு கேனைத் திறப்பாரே, குபுகுபுன்னு வெள்ளைப் புகை வருமே, அந்தக் கேனுக்குள்ள இருக்கிறதும் நைட்ரஜன்தான். மைனஸ் 196 டிகிரியில திரவமா இருக்கு. சின்னப் பசங்க அதைப் பார்க்கவே ஓடி வருவாங்க.

சரி, வயலுக்கு வர்றேன்.

எங்க அப்பா யூரியாவை 'உப்பு'ன்னுதான் சொல்வார். "உப்பு போட்டியா?"ம்பார். அவர் சின்ன வயசுல உப்பு கிடையாது. கொழிஞ்சி, ஆவாரை, வேம்புன்னு தழை வெட்டிக் கொண்டுவந்து சேத்துல மிதிப்பாங்க. கோடையில ராமநாதபுரம் பக்கத்துலேர்ந்து கீதாரிங்க ஆடு ஓட்டிக்கிட்டு வந்து கிடை போடுவாங்க. ராத்திரி முழுக்க ஆடு வயல்ல படுத்து மூத்திரம் பெய்யும், புழுக்கை போடும். ஆட்டு எரு அந்த வருஷமே பலன் தரும், மாட்டு எரு மறுவருஷம்தான்னு பெரியவங்க சொல்றதுக்குக் காரணமும் இதுதான். ஆட்டு மூத்திரத்துல இருக்கிறதும் யூரியாதானே.

இதைச் சொன்னவுடனே, "பார்த்தீங்களா, அந்தக் காலம்தான் நல்ல காலம்"னு டவுன் நண்பர்கள் சொல்வாங்க. அப்பா அப்படிச் சொன்னது இல்லை. அந்தக் காலத்துல விளைஞ்சது எவ்வளவு, அதுல குத்தகைக்குப் போனது எவ்வளவு, ஆடி மாசத்துல வீட்ல என்ன இருந்ததுன்னு அவருக்குத் தெரியும். 1960-களில் தஞ்சாவூர்ப் பக்கம் பேக்கேஜ் புரோகிராம்னு வந்து, ஏ.டி.டி. 27 நெல்லும் உப்பும் சேர்ந்து வந்தப்ப, வயிறு நிறைஞ்சதுன்னுதான் சொல்வார். அவர் நன்றியோட போட்டார். அந்த நன்றியை நான் கேலி பண்ண மாட்டேன். தப்பு அதுக்கு அப்புறம் வந்தது, எங்க தலைமுறையில.

நான் பண்ணின தப்பைச் சொல்றேன்னு சொன்னேன்ல. ஒரு வருஷம் சம்பாவுல வெள்ளைப் பொன்னி நட்டிருந்தேன். பக்கத்து வயல் கரும்பச்சையா நிக்குது. என் வயல் வெளிர்பச்சை. வரப்புல போறவன் வர்றவன் எல்லாம், "என்னய்யா, பயிர் வெளுத்துக் கிடக்கு?"ன்னு கேட்டுட்டுப் போறான். மானம் போச்சுன்னு ரெண்டு மூட்டை அதிகமா எறிஞ்சேன். பத்தே நாள். பயிர் கருகருன்னு எழுந்தது. நான் வரப்புல நின்னு மீசையைத் தடவினேன். அப்புறம் இலைச்சுருட்டுப்புழு வந்தது. மருந்து அடிச்சேன். குலைநோய் வந்தது. அதுக்கும் அடிச்சேன். கார்த்திகை மழையில ஒரே ராத்திரியில மொத்தப் பயிரும் பாய் விரிச்ச மாதிரி படுத்துடுச்சு. தழைச்சத்து அதிகமானா பயிர் மளமளன்னு வளரும், தண்டு இளசா இருக்கும், பூச்சிக்கும் பூஞ்சாணத்துக்கும் அது விருந்து. இது பத்தாங்கிளாஸ் படிச்ச எனக்கு அன்னைக்கே தெரியும். தெரிஞ்சும் போட்டேன். என் வீட்டுக்காரி சொன்னது இன்னைக்கும் காதுல இருக்கு: "நம்ம பயிரைப் பார்த்துப் போட்டீங்களா, பக்கத்து வயலைப் பார்த்துப் போட்டீங்களா?"

அதுக்கப்புறம்தான் இலை வண்ண அட்டையைக் கையில எடுத்தேன். வேளாண் துறையில பயிற்சிக்குப் போனப்ப கொடுத்து, பரண்ல கிடந்தது. பச்சை நிறம் வெளுப்பிலேர்ந்து கருப்பு வரைக்கும் பட்டை பட்டையா இருக்கும். நட்ட ரெண்டு வாரத்துலேர்ந்து வாரம் ஒரு தடவை, காலை வெயில் ஏறுறதுக்குள்ள, இலையை அட்டை மேல வச்சுப் பார்க்கணும், நம்ம நிழல் இலை மேல விழற மாதிரி நின்னுக்கிட்டு. மத்த ரகங்களுக்கு 4-க்குக் கீழ போனா உரம் போடு, வெள்ளைப் பொன்னிக்கு 3-க்குக் கீழ போனா மட்டும் போடுன்னு சொல்றாங்க. வெள்ளைப் பொன்னியோட இயல்பான நிறமே வெளிர்தான்! நான் அன்னைக்கு வெளுப்புன்னு நினைச்சுப் பயந்தது அதோட சொந்த நிறம். அஞ்சு பைசா செலவில்லாத அந்த அட்டையை நான் முன்னாடியே பார்த்திருந்தா ஒரு வருஷச் சாப்பாடு மிஞ்சியிருக்கும்.

கணக்கையும் சொல்லிடுறேன். மத்திய, நீண்ட கால நெல்லுக்கு ஹெக்டேருக்கு 150 கிலோ தழைச்சத்துன்னு பரிந்துரை. ஏக்கருக்கு 60 கிலோ. யூரியாவுல 46 சதவீதம் நைட்ரஜன். 45 கிலோ மூட்டையில 20 கிலோ 700 கிராம் வருது. ஆக, ஏக்கருக்கு மூணு மூட்டை. அதையும் மூணு நாலு தடவையா பிரிச்சுப் போடணும். அந்த மூணு மூட்டையில நெல்லு எடுத்துக்கிறது ஏறக்குறைய ஒரு மூட்டைதான். மிச்சம்? தேங்கி நிக்கிற தண்ணியில எறிஞ்சா கொஞ்சம் அம்மோனியாவாகி வெயில்ல பறந்துடும். கொஞ்சம் நைட்ரேட்டா மாறி மண்ணுக்குக் கீழ இறங்கிடும். காத்தில்லாத சேத்துல இருக்கிற நுண்ணுயிர்கள் கொஞ்சத்தைத் திரும்ப நைட்ரஜனாவும் நைட்ரஸ் ஆக்ஸைடாவும் மாத்தி மேல அனுப்பிடும். இந்த நைட்ரஸ் ஆக்ஸைடுதான் ஆஸ்பத்திரியில மயக்கம் கொடுக்கிறப்ப பயன்படுத்துற சிரிப்பு வாயு. பூமியைச் சூடாக்குறதுல கார்பன் டை ஆக்ஸைடைவிட இருநூத்தெழுபது மடங்கு ஆபத்தானது. என் காசு சிரிப்பு வாயுவா போகுது. எனக்கு மட்டும் சிரிப்பு வரலை.

இப்ப தண்ணிக் கதை. இதை எழுதலாமா வேண்டாமான்னு ரொம்ப யோசிச்சேன்.

மக தலைப்பிரசவத்துக்கு வீட்டுக்கு வந்திருந்தா. குழந்தை பிறந்து மூணாவது வாரம் தாய்ப்பால் போதலைன்னு டாக்டர் பவுடர் பாலும் சேர்த்துக் கொடுக்கச் சொன்னார். எங்க வீட்டு போர் தண்ணியைத்தான் நல்லா கொதிக்க வச்சு ஆத்திக் கலந்தோம். பார்க்க வந்த செவிலியம்மா, "போர் தண்ணியா? டெஸ்ட் பண்ணியிருக்கீங்களா? போர் வயலுக்குப் பக்கத்துல இருக்கே"ன்னு கேட்டாங்க. எனக்குச் சுருக்குன்னு இருந்தது. நாப்பது வருஷமா நாங்க குடிக்கிற தண்ணி அது. இருந்தாலும் ஒரு பாட்டில்ல பிடிச்சுக் கொடுத்தேன். நாலு நாள் கழிச்சு முடிவு வந்தது. நைட்ரேட் லிட்டருக்கு 72 மில்லிகிராம். நம்ம நாட்டுக் குடிநீர் தர அளவு 45. உலக சுகாதார நிறுவனம் சொல்றது 50.

பெரியவங்களுக்கு அந்த அளவு உடனே ஒண்ணும் பண்ணாது. ஆறு மாசத்துக்கு உள்ள இருக்கிற குழந்தைக்குத்தான் ஆபத்து. குழந்தை வயித்துல அமிலம் கம்மி. அங்க நுண்ணுயிர்கள் நைட்ரேட்டை நைட்ரைட்டா மாத்திடும். அது ரத்தத்துல சேர்ந்தா ஹீமோகுளோபின் ஆக்ஸிஜனைச் சுமக்க முடியாம போயிடும். உதடும் நகமும் நீலமாகும். 1945-லயே அமெரிக்காவுல அயோவா மாநிலத்துல கிணத்துத் தண்ணியில பால் கலந்து கொடுத்த குழந்தைங்க நீலமாகிறதை காம்லிங்கிற டாக்டர் எழுதி வச்சிருக்கார். நேரத்துல கண்டுபிடிச்சா மெத்திலின் நீலம்னு ஒரு ஊசி மருந்து இருக்கு. என் பேத்திக்கு அப்படி எதுவும் ஆகலை, கடவுள் புண்ணியம். அன்னைலேர்ந்து பால் கலக்க வேற தண்ணி வாங்கினோம்.

ஆனா எனக்குத் தூக்கம் போனது வேற ஒரு விஷயத்தால. கொதிக்க வச்சா எல்லாம் செத்துப்போயிடும்னுதானே நாம நினைக்கிறோம்? நைட்ரேட் சாகாது. கொதிக்கக் கொதிக்கத் தண்ணி வத்தும், நைட்ரேட் அப்படியே இருக்கும். அதாவது லிட்டருக்கு இன்னும் கூடும். நாங்க அக்கறையா பண்ணினது எல்லாம் தலைகீழ். துணியில வடிகட்டினாலும் போகாது. ஆர்.ஓ. மாதிரி முறையிலதான் குறையும். கிராமத்துல போர் தண்ணி குடிக்கிற சொந்தக்காரங்க உங்களுக்கு இருந்தா, வீட்ல கைக்குழந்தை இருந்தா, தயவுசெஞ்சு இதை மட்டும் போன் பண்ணிச் சொல்லிடுங்க. தாய்ப்பால்ல இந்தத் தொந்தரவு வர்றதில்லை.

அந்த நைட்ரேட் என் வயலுக்குப் போட்ட யூரியாவிலேர்ந்துதான் வந்ததான்னா, என்னால சத்தியம் பண்ண முடியாது. போர்லேர்ந்து இருபது அடியில எங்க கக்கூஸ் தொட்டி. அதுக்கு அந்தப் பக்கம் மாட்டுக்கொட்டகை, எருக்குழி. எல்லாத்துலேர்ந்தும் நைட்ரேட் இறங்கும். இயற்கைன்னு பேர் வச்ச எருக்குழியும் இறக்கும். ஆக, பழியில எனக்குப் பங்கு இருக்கு, என் மாட்டுக்குப் பங்கு இருக்கு, எங்க தொட்டி கட்டின கொத்தனாருக்கும் பங்கு இருக்கு.

அப்ப ஏன் இன்னும் அளவுக்கு மீறிப் போடுறாங்கன்னு கேட்பீங்க. விலையைப் பாருங்க. யூரியா மூட்டை 266 ரூபா 50 காசு. டி.ஏ.பி. மூட்டை 1,350. பொட்டாஷ் அதுக்கும் மேல. பயிருக்கு மூணும் வேணும், தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல் சத்து. கையில காசு இல்லாதவன் எதைப் போடுவான்? போட்டவுடனே எது பச்சையா கண்ணுக்குத் தெரியுது? அரசாங்கம் யூரியாவுக்குக் கொடுக்கிற மானியம் நான் கொடுக்கிற விலையைவிடப் பல மடங்கு. அந்த மானியத்தை நான் வேண்டாம்னு சொல்லலை. அது இல்லாம என்னால சாகுபடி பண்ண முடியாது. ஆனா ஒரு சத்துக்கு மட்டும் இப்படிச் சல்லிசா கொடுத்துட்டு, "ஏன்டா அதையே போடுறே?"ன்னு விவசாயியைத் திட்டுறது நியாயமில்லை. மூட்டைக்குக் கொடுக்கிறதுல ஒரு பகுதியை ஏக்கருக்குன்னு கொடுங்க. நான் தக்கைப்பூண்டு விதை வாங்குவேனா, பொட்டாஷ் வாங்குவேனா, எரு வாங்குவேனான்னு நான் முடிவு பண்றேன். 2024-25-லேர்ந்து நம்ம மாநில அரசு 'மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம்' திட்டத்துல பசுந்தாள் உர விதைக்கு மானியம் கொடுக்குது. நல்ல காரியம். அதைப் பெருசாக்கணும்.

2015-ல யூரியா எல்லாத்துக்கும் வேப்பெண்ணெய் பூசச் சொன்னாங்களே, அதுவும் நல்லதுதான். மண்ணுல மெதுவா மாறும், வேற தொழிலுக்குத் திருட்டுத்தனமா போறதும் குறையும். ஆனா இந்த நானோ யூரியா பாட்டில் மட்டும் எனக்குப் புரியலை. முதல்ல வந்த அரை லிட்டர் பாட்டில்ல நாலு சதவீதம் நைட்ரஜன்தான் இருந்தது. அதாவது 20 கிராம். மூட்டையில இருக்கிறது 20 கிலோ. இது அதுக்குச் சமம்னு விளம்பரம். இலையில தெளிக்கிறது மண்ணுல போடுறதைவிடத் திறமா சேரும், சரி. ஆனா நெல்லுக்குள்ள போய்ச் சேர வேண்டிய நைட்ரஜன் கிலோ கணக்குல இருக்கிறப்ப இருபது கிராம் எந்த மூலைக்கு? விஞ்ஞானிகளே இதைக் கேட்டிருக்காங்க. ஒரு கடையில, பாட்டில் வாங்கினாத்தான் மூட்டைன்னு என் தலையில கட்டினாங்க. அந்த ரெண்டு பாட்டில் இன்னும் திண்ணையில இருக்கு.

"எல்லாத்தையும் நிறுத்திடு, இயற்கைக்கு மாறிடு"ன்னு சொல்றவங்களுக்கு ஒண்ணு. நம்மாழ்வார் ஐயா மேல எனக்கு ரொம்ப மரியாதை உண்டு. அவர் சொல்லித் தந்த பல தானிய விதைப்பை நான் பண்றேன். ஆனா ஒரே நாள்ல நிறுத்தினா என்ன ஆகும்னு பக்கத்துலயே பார்த்தோம். 2021-ல இலங்கையில ரசாயன உர இறக்குமதியை அடியோட நிறுத்தினாங்க. ஆறேழு மாசத்துல திரும்ப வாங்கிக்கிட்டாங்க. அதுக்குள்ள நெல்லு விழுந்துடுச்சு, தேயிலை விழுந்துடுச்சு, அரிசி இறக்குமதி பண்ண வேண்டியதாச்சு. அங்க கஷ்டப்பட்டதும் நம்மளை மாதிரி சின்ன விவசாயிதான். மண்ணுக்குத் தழைச்சத்து எங்கிருந்து வரும்னு பதில் சொல்லாம மூட்டையை மட்டும் பிடுங்கினா அப்படித்தான் ஆகும்.

எங்கிருந்து வரும்? இப்பதான் டவுன் பக்கம் வர்றேன், கோவிச்சுக்காதீங்க.

நான் தென்னூருக்குக் கொண்டுவர்ற ஒவ்வொரு கீரைக்கட்டுலயும், உங்க வீட்டு அரிசியிலயும் பருப்புலயும் எங்க மண்ணோட நைட்ரஜன் இருக்கு. நீங்க சாப்பிடுறீங்க. மறுநாள் அது கக்கூஸ் வழியா போகுது. ஒரு ஆள் வருஷத்துக்குச் சிறுநீர்ல மட்டும் ரெண்டு கிலோவுக்கு மேல நைட்ரஜனை வெளியேத்துறார். 2011 கணக்குல திருச்சி மாநகராட்சியில எட்டு லட்சம் பேருக்கு மேல. சந்தை ரசீதுக்குப் பின்னாடி நான் கணக்குப் போட்டேன். எட்டு லட்சம் பேருக்கு 1,600 டன் நைட்ரஜன். யூரியா மூட்டையா சொன்னா 77,000 மூட்டை. ஏக்கருக்கு மூணு மூட்டைன்னா 25,000 ஏக்கர் சம்பாவுக்கு மேலயே வரும். வருஷா வருஷம்!

அது எங்க போகுது? புத்தூர் ஆறுகண் பக்கம் உய்யக்கொண்டான் வாய்க்கால் ஓரமா நின்னு மூக்கைப் பொத்திக்கிட்டுப் பாருங்க. சோழர் காலத்துலேர்ந்து பேட்டவாய்த்தலையில காவிரியை விட்டுப் பிரிஞ்சு வயலுக்கு ஓடுற வாய்க்கால். எங்க பக்கம் ஓடுறப்ப பசங்க குதிச்சுக் குளிப்பாங்க. டவுனைத் தாண்டுறப்ப அதுல ஆகாயத்தாமரை பாய் போட்ட மாதிரி கிடக்கும். ஆகாயத்தாமரை அப்படிச் செழிக்கிறதுக்கு யார் உரம் போடுறது? நீங்கதான். பஞ்சப்பூர்ல சுத்திகரிப்பு நிலையம் இருக்கு, பாதாளச் சாக்கடை வேலையும் நடக்குது, இல்லைன்னு சொல்லலை. ஆனா அதோட வேலை கழிவை ஒழிக்கிறது. எங்க வயலுக்குத் திருப்பிக் கொடுக்கிறதுன்னு யாரும் நினைக்கலை.

முடியாத காரியமும் இல்லை. நம்ம மாவட்டத்துல, காவிரிக்கு வடகரையில முசிறி இருக்கே, அங்க இருபது வருஷத்துக்குப் பக்கமா ஆகப்போகுது, ஸ்கோப்னு ஒரு தொண்டு நிறுவனம் சிறுநீரையும் மலத்தையும் தனித்தனியா பிரிக்கிற பொதுக் கழிப்பறை கட்டினாங்க. போறவங்க காசு கொடுக்க வேண்டாம், அவங்களுக்குத்தான் சில்லறை கொடுத்தாங்க! உலகத்துலேர்ந்தெல்லாம் வந்து பார்த்துட்டுப் போனாங்க. சேர்ந்த சிறுநீரை வாழைக்கு உரமா விட்டுப் பார்த்தாங்க. அந்த வேலையைப் பண்ணின மராச்சி சுப்புராமன் ஐயாவுக்கு 2021-ல பத்மஸ்ரீ கிடைச்சது. பத்திரிகையில போட்டோ வந்தது. அதோட நாம மறந்துட்டோம். முசிறியில ஒரு தெருவுல முடிஞ்சது தென்னூர்ல ஒரு அபார்ட்மென்ட்ல முடியாதா? கல்யாண மண்டபத்துல, பஸ் ஸ்டாண்டுல, காலேஜ் ஹாஸ்டல்ல? ஆம்பளைங்க கழிப்பறையில சிறுநீர் ஏற்கனவே தனியாத்தானே போகுது, அதை ஒரு டேங்க்ல பிடிச்சா போதுமே.

ஒண்ணு சொல்லிடணும். பழைய காலத்துல டவுன் கழிவு வயலுக்கு வந்தது உண்மைதான். அது ஒரு சாதிக்காரங்க தலையில கூடை வச்சுச் சுமந்து வந்தது. அந்தப் பாவம் திரும்ப வரவே கூடாது. நான் கேக்கிறது குழாயும் டேங்கரும். மனுஷன் கை படுற வேலையை இல்லை.

டேங்கர் வந்தா நீ உன் கீரைக்கு விடுவியான்னு கேட்டா, கீரைக்கு விட மாட்டேன். பச்சையா பறிச்சு உடனே விக்கிற பயிர், வாங்குறவங்களுக்கும் மனசு ஒப்பாது. வாழைக்கு விடுவேன், தீவனச் சோளத்துக்கு விடுவேன். அதுக்கு ஏத்த மாதிரி மூட்டையைக் குறைப்பேன். இப்பவே மூணு மூட்டை போட்ட வயல்ல ஒண்ணரையிலேர்ந்து ரெண்டுக்குள்ள நிக்கிறேன். கோடையில தக்கைப்பூண்டு விதைச்சு பூ எடுக்கிறப்ப, நாப்பது நாப்பத்தஞ்சு நாள்ல மடக்கி உழுதுடுறேன். தண்ணியை வடிச்சுட்டுத்தான் யூரியா எறியிறேன். முதல் நாள் ராத்திரியே அஞ்சு பங்கு யூரியாவுக்கு நாலு பங்கு ஜிப்சம், ஒரு பங்கு வேப்பம் புண்ணாக்கு கலந்து குவிச்சு வச்சிடுறது. மேட்டூர்ல தண்ணி நேரத்துக்குத் திறக்கிற வருஷம் இதெல்லாம் நடக்குது. லேட்டான வருஷம் தக்கைப்பூண்டுக்கே தண்ணி இல்லாம மூட்டையை நம்பித்தான் ஓட்டுறேன். பொய் சொல்ல விரும்பலை.

அந்த அம்மா இதைப் படிச்சா ஒண்ணு தெரிஞ்சுக்கட்டும். அளவா போட்ட யூரியா கீரையில யூரியாவா உக்காந்திருக்காது. செடி அதைத் தன் புரதமா மாத்திக்கும். அளவுக்கு மீறிக் கொட்டினா இலையில நைட்ரேட் சேரும், அது உண்மை. அதனால கேள்வியை மாத்திக் கேளுங்க. "யூரியா போட்டியா"ன்னு கேட்டா எங்க ஆளுங்க "இல்லை"ன்னுதான் சொல்வாங்க. "எவ்வளவு போட்டீங்க, பறிக்கிறதுக்கு எத்தனை நாளைக்கு முன்னாடி போட்டீங்க, என்ன பூச்சி மருந்து அடிச்சீங்க?"ன்னு கேளுங்க. கடைசிக் கேள்விதான் ரொம்ப முக்கியம். அதை ஏனோ யாருமே கேக்கிறதில்லை.

வர்ற ஞாயிறு என் கடையில சிறுகீரை இருக்கும். அதுக்கு எரு மட்டும்தான், யூரியா போடலை. மண்ணு நல்லா இருந்தது, தேவைப்படலை. அரைக்கீரைக்குப் பதினோராம் நாள் ஒரு பாத்திக்கு ரெண்டு கைப்பிடி யூரியா. முருங்கைக்கீரை வேலியில தானா வந்தது. மூணுக்கும் தனித்தனி அட்டை எழுதி வைக்கப் போறேன். பக்கத்துக் கடைக்காரர்கிட்டயும் சொன்னேன். "நீ முதல்ல வை, உன் கீரை வித்துச்சுன்னா நானும் வைக்கிறேன்" என்றார்.